ஒரே பெயரில் இரண்டு டாங்கர் கப்பல்: வேலூரில் ஒரு நுரையீரல் நோயாளியின் பணி வரலாறு

பின்னணி

நோயாளி 71 வயது ஆண். ஊர் பழைய வட ஆற்காடு மாவட்டம், இன்றைய கணக்கில் ராணிப்பேட்டை மாவட்டம். 1970 கடைசியில் கடற்படையில் ஸ்டோக்கராகச் சேர்ந்தார். கொதிகலன், எஞ்சின் அறை, பம்பு அறை எல்லாம் ஸ்டோக்கர் கவனிக்கும் இடங்கள். 15 ஆண்டு முடித்து 1985 டிசம்பரில் ஊர் திரும்பினார். 1987 முதல் 1998 வரை ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர், பிறகு சில காலம் வாட்ச்மேன். பீடி நாளுக்குப் பத்து, 1998இல் விட்டுவிட்டார். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஊர், கப்பல், மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்கள் இங்கே இல்லை.

வேலூர் வட்டாரத்தில் முன்னாள் படைவீரர் நோயாளியாக வருவது அன்றாடம் நடப்பது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லும் பகுதி இது. ஆனால் வருபவர்களில் பெரும்பாலோர் தரைப்படைக்காரர்கள். ஓபி சீட்டில் ‘எக்ஸ்-சர்வீஸ்மேன்’ என்று எழுதியதும் விசாரணை முடிந்துவிடுகிறது. எந்தக் கப்பல், அதில் எந்த அறை, கையில் என்ன வேலை என்று கேட்கும் பழக்கம் இல்லை.

2023: முதலில் கண்டவை

வந்த காரணம் மூச்சிரைப்பு. மூன்று ஆண்டாகக் கூடிக்கொண்டே வந்தது. வறட்டு இருமல் இருந்தது, சளியோ காய்ச்சலோ இல்லை. முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் மூச்சை உள்ளிழுக்கும்போது வெல்க்ரோ பிரிப்பது போன்ற ஓசை. விரல் நுனிகள் சற்றுத் தடித்திருந்தன. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு 94. ஆறு நிமிட நடையில் 310 மீட்டர் நடந்தார், முடிவில் அது 86க்கு இறங்கியது.

மூச்சுப் பரிசோதனையில் எஃப்விசி, அதாவது முழுதாக இழுத்து முழுதாக விடும் காற்றின் அளவு, இருக்க வேண்டியதில் 61 விழுக்காடு. 2021இல் வேறு இடத்தில் எடுத்தபோது 70 இருந்தது. காற்றிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடப்பதைக் காட்டும் டிஎல்சிஓ 46 விழுக்காடு.

2019இல் ஒரு சிறு மருத்துவமனை எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, சளியில் கிருமி தெரியாத நிலையிலேயே ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்திருந்தது. நம் பகுதியில் காசநோயை முதலில் சந்தேகிப்பது தவறல்ல. மருந்து முடிந்தும் திட்டுகள் அப்படியே இருந்ததை யாரும் மறுபடி பார்க்காமல் விட்டதுதான் குறை. பிறகு இன்னொரு இடத்தில் ஆஸ்துமா என்று ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி, அது 14 மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாக எடுத்த நுண் சிடியில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. இரு நுரையீரலின் அடிப்பகுதியிலும் ஓரத்தை ஒட்டி வலைபோன்ற தழும்பு. அதோடு நெஞ்சுச் சுவரின் உள்சவ்விலும் உதரவிதானத்தின் மேலும் இரு பக்கமும் சுண்ணாம்பு படிந்த தட்டையான தகடுகள். காசநோயோ பழைய இரத்தக்கட்டோ விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவு பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், தடித்து, நுரையீரலையும் சுருக்கியிருக்கும். இரண்டு பக்கமும், உதரவிதானத்தின் மேலும் மெல்லிய தகடாக வந்தால் முதலில் நினைக்க வேண்டியது கல்நார். ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோமே, அது.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

கல்நார் என்ற சந்தேகம் முதல் நாளே எழுந்தது. அது ஒரு வாரத்துக்குள் கைவிடப்பட்டது எப்படி என்பதுதான் இந்த நிகழ்வின் மையம்.

முதல் குறிப்பில் பணி என்ற இடத்தில் ‘ஆயில் கம்பெனி கப்பல்’ என்று இருந்தது. மகள் சொன்னது: “நைனா ஆயில் கப்பல்ல இருந்தாரு.” எழுதியவர் அதை வணிகக் கப்பல் என்று புரிந்துகொண்டார். மறுநாள் வந்த இளம் மருத்துவர் கப்பலின் பெயரைக் கேட்டார். நோயாளி சொன்ன ஐஎன்எஸ் பெயரை இணையத்தில் தேடினார். இத்தாலியில் கட்டி 2011இல் சேவைக்கு வந்த, டீசல் எஞ்சினில் ஓடும், இரட்டை அடிச்சுவர் கொண்ட புதிய டாங்கர், அதாவது மற்றக் கப்பல்களுக்குக் கடலிலேயே எண்ணெய் ஏற்றும் கடற்படைக் கப்பல், வந்தது. இத்தாலி 1992லேயே கல்நாரைச் சட்டம் போட்டுத் தடைசெய்த நாடு. டீசல் கப்பலில் கொதிகலன் அறையும் பழைய முறையில் இருக்காது. எனவே ‘கல்நார் வெளிப்பாடு இல்லை’ என்று எழுதி, காரணம் அறியாத நுரையீரல் தழும்பு நோய் என்ற பக்கம் போனார். உறுதிசெய்ய அறுவை மூலம் திசு எடுக்கலாம் என்பது அடுத்த யோசனை.

அவருடைய தர்க்கத்தில் பிழை இல்லை. அது வேறொரு கப்பலுக்குப் பொருந்தும் தர்க்கம். 1985இல் ஓய்வு பெற்றவர் 2011இல் வந்த கப்பலில் எப்படி இருந்திருப்பார் என்ற கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

எந்தக் கப்பல்?

இந்தியக் கடற்படை ஓய்வு பெற்ற கப்பலின் பெயரைப் புதிய கப்பலுக்கு மீண்டும் சூட்டும். டாங்கர்களிலும் இது நடந்திருக்கிறது. முதல் தீபக் மேற்கு ஜெர்மனியின் பிரேமர் வல்கன் கட்டுந்துறையில் உருவாகி 1967இல் சேவைக்கு வந்தது, 1996இல் ஓய்வு பெற்றது. அதே கட்டுந்துறையின் பழைய சக்தி 1976 முதல் 2007 வரை இருந்தது. இரண்டும் நீராவி டர்பைனில் ஓடியவை. இடையில் 1996இல் ரஷ்யாவில் கட்டிய ஜோதியும், 2000இல் கொல்கத்தாவில் கட்டிய ஆதித்யாவும் வந்தன. 2011இல் இத்தாலியின் ஃபின்கான்டியேரி கட்டிய இரண்டு கப்பல்கள் வந்து, மறுபடி தீபக், சக்தி என்றே பெயர் பெற்றன.

கப்பலின் பக்கவாட்டில் எழுதும் எண்ணைப் பார்த்துப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் உதவாது. தீபக் அன்றும் ஏ50, இன்றும் ஏ50. சக்தி அன்றும் ஏ57, இன்றும் ஏ57. ஆண்டு ஒன்றுதான் பிரிக்கும்.

இன்னொரு சிக்கல், ஐஎன்எஸ் என்று தொடங்குவதெல்லாம் கப்பல் அல்ல. லோனாவ்லாவில் எஞ்சின் அறை ஆட்களுக்குப் பயிற்சி தரும் ஐஎன்எஸ் சிவாஜி மலைமேல் இருக்கிறது. நம் அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி ஒரு விமானத்தளம். ரயிலில் போகும்போது அதன் பலகையைப் பார்த்தவர்களுக்குக்கூட, சீட்டில் அந்தப் பெயரைக் கண்டால் கடல்தான் நினைவுக்கு வரும்.

சமூகப் பணியாளர் நோயாளியின் சர்வீஸ் சர்டிபிகேட்டைக் கொண்டுவரச் சொன்னார். டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று மகன் அதை லேமினேட் செய்திருந்தார். பின்பக்கத்தோடு ஒரு ரசீது ஒட்டிக்கொண்டு, ஐந்து வரிகள் மறைந்துபோயிருந்தன. தெரிந்த வரிகளில் டாங்கரில் 1977 மார்ச் முதல் 1980 ஜூலை வரை என்றும், அடுத்த ஐந்து மாதம் ஒரு தரைத்தளத்தின் பெயரும் இருந்தன. நோயாளி மறுத்தார். அந்த ஐந்து மாதமும் கப்பலிலேயே இருந்ததாகச் சொன்னார். கப்பல் ரீஃபிட்டுக்காக, அதாவது பெரிய பழுதுபார்ப்புக்காக, டாக்யார்டில் நின்ற காலம் அது. ஆள் கப்பலில் வேலை செய்ய, கணக்கு மட்டும் தரைத்தளத்தில் ஏறியிருக்கிறது.

இதைச் சரிபார்க்க மூன்று வழிகள் எடுக்கப்பட்டன. மாலுமிகளின் ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் போனது. வீட்டில் இருந்த குழுப் புகைப்படத்தின் பின்பக்கம் பார்க்கப்பட்டது, பென்சிலில் 1978 என்று இருந்தது. கணியம்பாடிப் பக்கம் இருந்த, அதே கப்பலில் அதே காலத்தில் பணியாற்றிய இன்னொரு ஓய்வு பெற்ற மாலுமியோடு தனியாகப் பேசப்பட்டது. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கவில்லை. ஒருவர் நினைவு மற்றவர் நினைவை இழுத்துக்கொண்டு போய்விடும். தனித்தனியாகக் கேட்டும் ரீஃபிட் நடந்த மாதங்கள் ஒத்துப்போயின. பின்னர் வந்த ஆவண அலுவலகப் பதிலும் அதை உறுதிசெய்தது. மொத்தம் டாங்கரில் 46 மாதம்.

டாங்கரின் நீராவிக் குழாய்களும் அவர் செய்த வேலையும்

நீராவிக் கப்பல் எதுவானாலும் கொதிகலன் அறையில் வெப்பக்காப்பு உறை இருக்கும். மாலுமிகள் அதை லேகிங் என்பார்கள். அந்தக் காலத்தில் உலகெங்கும் அதன் முக்கியப் பொருள் கல்நார். டாங்கரில் இது ஏன் இன்னும் கூடுதல் என்பதைச் சொல்ல வேண்டும். கோப்பில் இல்லாத செய்தி இது.

1970களில் நம் கடற்படையின் பெரிய கப்பல்கள், விமானந்தாங்கி விக்ராந்த், குரூசர் மைசூர், நீலகிரி வகைக் கப்பல்கள் எல்லாம், நீராவியில் ஓடியவை. எரித்தது ஃபர்னஸ் ஆயில். அது குளிர்ந்தால் வெல்லப்பாகு போலக் கெட்டியாகும், பம்பில் ஏறாது. எனவே டாங்கரின் எண்ணெய்த் தொட்டிகளின் அடியில் நீராவிச் சுருள் குழாய்கள் ஓடும். கடலில் இன்னொரு கப்பலுக்கு எண்ணெய் ஏற்றுவதற்குப் பல மணி நேரம் முன்பே சூடேற்றத் தொடங்க வேண்டும். நீராவி டாங்கர்களில் சரக்குப் பம்புகளும் பெரும்பாலும் நீராவியில்தான் ஓடும். இதனால் எஞ்சின் அறையோடு நிற்க வேண்டிய நீராவிக் குழாய் பம்பு அறைக்கும் மேல்தளத்துக்கும் போய், கப்பலின் நீளம் முழுக்க ஓடும். ஒவ்வொரு சில மீட்டருக்கும் குழாய்த் துண்டுகளை நட்டு போட்டு இணைக்கும் ஒரு பிளாஞ்ச், ஒவ்வொரு பிளாஞ்சிலும் கசிவைத் தடுக்கும் ஒரு ஜாயிண்ட், அதாவது கேஸ்கெட். மேல்தளக் குழாயில் கடல்நீர் தெறித்து லேகிங் ஊறி உதிரும். சூடேறுவதும் குளிர்வதும் மாறி மாறி நடப்பதால் ஜாயிண்ட் ஒழுகும்.

கேள்விகள் இரண்டு அமர்வுகளில் கேட்கப்பட்டன. ஒரே மூச்சில் பேச அவரால் முடியவில்லை. ‘ஆஸ்பெஸ்டாஸ் பட்டீங்களா’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பலர் வீட்டுக் கூரை ஷீட்டைத்தான் நினைப்பார்கள், இல்லை என்பார்கள். ஜாயிண்ட் ஒழுகினால் என்ன செய்வீர்கள், கையில் என்ன இருக்கும், முடிந்தபின் தரை எப்படி இருக்கும் என்று கேட்டார் சமூகப் பணியாளர். வந்த பதில்:

“மொதல்ல மேல இருக்குற லேகிங்க ஒடைக்கணும் மா. வெள்ளையா பூ மாதிரி பறக்கும். அப்புறந்தான் நட்டு தெரியும். பழைய ஜாயிண்டு ஒட்டிக்கினு இருக்கும், ஸ்கிரேப்பரால சொரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கணும். கடைசியில பவுடர வாளித் தண்ணியில கொழைச்சுப் பூசுவோம். பெருக்கி அள்ளிட்டு அங்கயே ஒக்காந்து டீ குடிப்போம்.”

வேலையை நேரில் செய்யாதவருக்கு இந்த வரிசை தெரியாது. ஒழுகும் பிளாஞ்சை அடைய லேகிங்கை உடைப்பது, ஒட்டிய பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவது, கம்பி பிரஷால் தேய்ப்பது, காய்ந்த பொடியைக் குழைப்பது, கடைசியில் உலர்ந்த தூசியைப் பெருக்குவது: ஐந்து படிகளிலும் நார் பறக்கும். புதிய ஜாயிண்டை ஷீட்டிலிருந்து சுத்தியலால் தட்டி வெட்டுவதில் தூசி குறைவு. ரீஃபிட் மாதங்களில் குழாய் குழாயாக லேகிங் உரிக்கப்படும். காற்றோட்ட விசிறி நின்றிருக்கும், பக்கத்திலேயே மற்றவர்கள் வேலை செய்வார்கள். தரைத்தளக் கணக்கில் ‘கப்பலில் இல்லை’ என்று தெரிந்த அந்த ஐந்து மாதம்தான் 46 மாதத்தில் அதிகத் தூசி பட்ட காலம்.

முகமூடி இருந்ததா என்ற கேள்விக்கு நோயாளியும் சக மாலுமியும் தனித்தனியே சிரித்தார்கள். நனைத்த துணியை மூக்கில் கட்டுவதுண்டாம், அதுவும் எண்ணெய் வாடைக்காக. குடும்பத்தாருக்கும் தூசி பட்டதா என்றும் கேட்கப்பட்டது. மனைவி மக்கள் ஊரில் இருந்தார்கள், உடைகள் கப்பலிலேயே துவைக்கப்பட்டன. அந்தக் கவலை இல்லை.

எடுத்த முடிவுகள்

நுரையீரல் மருத்துவர், கதிரியல் மருத்துவர், தொழில்சார் நோய் மருத்துவர் ஆகியோர் கூடிப் பேசினர். முதல் வெளிப்பாட்டுக்கும் நோய்க்கும் இடையே நாற்பது ஆண்டுக்கு மேல், இருபக்கச் சுண்ணாம்புத் தகடுகள், அடிப்பகுதித் தழும்பு, ஆதாரத்தோடு கூடிய வேலை விவரம். மூட்டுவாதம் சார்ந்த இரத்தப் பரிசோதனைகள் இயல்பு. புறா, கோழி, ஈர வைக்கோல் பழக்கம் இல்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் எனப்படும் கல்நார் நுரையீரல் தழும்பு என்று முடிவானது.

அறுவைத் திசுப் பரிசோதனை கைவிடப்பட்டது. டிஎல்சிஓ 46 உள்ள 71 வயதுக்காரருக்கு அதில் ஆபத்து அதிகம், வரும் விடை சிகிச்சையை மாற்றப் போவதில்லை. ஸ்டீராய்டு இந்த நோயைக் குறைக்காது. பதினான்கு மாதம் எடுத்தவர் என்பதால் சட்டென்று நிறுத்தாமல் எட்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டில் எஃப்விசி 70இலிருந்து 61க்கு இறங்கியதால், தழும்பு பரவுவதை மெதுவாக்கும் நின்டெடனிப் 150 மில்லிகிராம் நாளைக்கு இரண்டு வேளை தொடங்கப்பட்டது. அது நோயைத் திருப்பாது, வேகத்தைக் குறைக்கும் என்பது குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது. நடக்கும்போது ஆக்சிஜன், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி. பீடியும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்று ஆபத்து பலமடங்காகும் என்பதால் ஆண்டுக்கு ஒரு சிடி.

அறிக்கையில் தோல் தொழிற்சாலை ஆண்டுகளை எழுதுவதா என்பதில் வாக்குவாதம் வந்தது. ஊனமுற்றோர் ஓய்வூதிய மனுவைப் பலவீனப்படுத்தும், விட்டுவிடுங்கள் என்றார் மகன். ஆனாலும் எழுதப்பட்டது. அங்கே அவர் செய்தது நெருப்புப் போடுவதும் தண்ணீர் மட்டக் கண்ணாடியைப் பார்ப்பதும். லேகிங் வேலைக்கு வெளி ஒப்பந்தக்காரர் வந்தார். அந்த விவரமும் சேர்த்து எழுதியபின், மறைத்திருந்தால் இருந்ததைவிட அறிக்கை வலுவாகவே நின்றது.

அதன்பின்

மூன்றாம் வாரம் வயிற்றுப்போக்கு தொடங்கியது. இந்த மருந்தில் எதிர்பார்க்க வேண்டியதே. லோபெரமைடு கொடுத்தும் அடங்காததால் வேளைக்கு 100 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. கல்லீரல் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன. 14ஆம் மாதத்தில் எஃப்விசி 59. இடையில் ஒருமுறை நெஞ்சுச் சளித் தொற்றுக்காக ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்தார். வீட்டு வேலைகளைத் தானே செய்துகொள்கிறார், மாடிப்படி மட்டும் இல்லை.

ஓய்வூதிய மனுவோடு நான்கு தாள்கள் போயின: ஆவண அலுவலகப் பதில், சக மாலுமியின் கையொப்ப வாக்குமூலம், சிடி அறிக்கை, கப்பல்களின் சேவைக் காலத்தையும் எஞ்சின் வகையையும் ஒரே பக்கத்தில் தரும் குறிப்பு. முகவரியில் ஒரு தடுமாற்றம் வந்தது. பணிச் சான்றில் ‘வட ஆற்காடு’, ஆதாரில் ‘ராணிப்பேட்டை’. வட ஆற்காடு 1989இல் பிரிந்தது. வேலூரிலிருந்து ராணிப்பேட்டை பிரிந்தது 2019இல். ஒரே ஊர்தான் என்று வட்டாட்சியர் அலுவலகச் சான்று இணைத்தபின் மனு ஏற்கப்பட்டது. மருத்துவக் குழுவின் முடிவு இதை எழுதும் வரை வரவில்லை.

மாற்றியவை

வெளிநோயாளிப் படிவத்தில் முன்னாள் படைவீரர் என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதில் இப்போது ஆறு வரிகள் இருக்கின்றன: எந்தப் படை, சேர்ந்த ஆண்டும் வெளிவந்த ஆண்டும், கப்பல் அல்லது தளத்தின் பெயர், ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த அறையில் வேலை, ரீஃபிட் காலத்தில் எங்கே இருந்தார். கப்பலின் பெயரை இணையத்தில் தேடலாம். ஆனால் அது சேவைக்கு வந்த ஆண்டை நோயாளியின் பணி ஆண்டோடு ஒப்பிட்ட பிறகே ‘வெளிப்பாடு இல்லை’ என்று எழுத வேண்டும் என்று ஒரு வரி அடியில் சேர்ந்திருக்கிறது. ஆண்டு ஒத்துவராவிட்டால் அதே பெயரில் முன்பு ஒரு கப்பல் இருந்ததா என்று பார்ப்பது அடுத்த படி.

லேமினேட் செய்யாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு இருபக்கமும் நகல் எடுத்து வைக்கும்படி முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குச் சொல்லப்படுகிறது. லேமினேட் செய்த தாளின் பின்பக்கத்தை மீட்க எந்தச் சுலப வழியும் இல்லை.

கணியம்பாடிப் பக்கத்துச் சக மாலுமிக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. சாட்சி சொல்ல வந்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்கப்பட்டது, முதலில் தயங்கி ஒப்புக்கொண்டார். உதரவிதானத்தின் இரு பக்கமும் சுண்ணாம்புத் தகடுகள். மூச்சுப் பரிசோதனை இயல்பு. சிகிச்சை எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறார். சிகரெட்டை விட்டுவிட்டார்.